பெடிகிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? – வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் நாய்க்குட்டி வாங்குவது பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "பெடிகிரி பேப்பரைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பெடிகிரி என்றால் வம்சாவளி, அந்தப் பேப்பர் குட்டியின் முன்னோர் பெயர்களை எழுதிய தாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் கால்நடை மருத்துவன். விலங்கு மரபியலும் இனவிருத்தியும் மாணவர்களுக்கு நடத்தியவன். என் தொழிலுக்கு நடுநாயகமான சொல் இது என்பதால், இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை "நல்ல பெடிகிரி உள்ளவர்" என்று அறிமுகப்படுத்தினார்கள். நாய்க்குச் சொல்கிற சொல்லை மனிதருக்குச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லையா?
– அலுவலகப் பணியில் இருக்கும் வாசகி

மரியாதைக் குறைவு இல்லை. மனிதருக்கு இருந்த சொல்தான் பின்னால் விலங்குகளுக்குப் போனது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இது இருக்கிறது. வந்தது பழைய பிரெஞ்சிலிருந்து. அங்கே அதற்கு 'நாரையின் கால்' என்று பொருள். குடும்ப வரலாறு எழுதியவர்கள் ஒரு பெயரிலிருந்து பிள்ளைகளின் பெயர்களுக்குக் கோடுகளைப் பிரித்து இழுப்பார்கள். அது மூன்று விரல் விரித்த நாரைக் காலைப் போல இருந்ததால் அந்தப் பெயர். டிகிரிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தமிழில் கால்வழி, கொடிவழி, வம்சாவளி என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லலாம்.

முதல் பொருள், எழுதிவைத்த முன்னோர் வரிசை. 'எழுதிவைத்த' என்பது முக்கியம். முன்னோர் எல்லோருக்கும் இருக்கிறார்கள், பதிவு எல்லோருக்கும் இல்லை. அதிலிருந்து விரிந்து, பின்னணி என்ற பொருளும் வந்துவிட்டது. அலுவலகத்தில் அவர்கள் சொன்னது அதைத்தான்: பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவர், பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்தவர் என்று.

அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன். பால்மாட்டு இனவிருத்தியில் ஒரு இளம் பொலிகாளையை எடைபோட வேண்டுமென்றால், முதலில் அதன் பெடிகிரியைப் பார்ப்போம். தாய் எவ்வளவு பால் கறந்தது, தகப்பன் காளையின் மற்ற மகள்கள் எப்படி என்று. அதை வைத்து ஒரு மதிப்பு போடுவோம். ஆனால் அது தற்காலிக மதிப்பு. அந்தக் காளையின் சொந்த மகள்கள் கன்று ஈன்று கறக்கத் தொடங்கி, அந்தக் கணக்கு சேரச் சேர, பெடிகிரியின் எடை குறைந்துகொண்டே போகும். நிறைய மகள்களின் கணக்கு வந்துவிட்டால் பாட்டன் பூட்டன் பெயருக்கு அநேகமாக வேலையே இல்லை. மாட்டுக்கே இப்படி. முப்பத்தைந்து வயதில், செய்த வேலைகளைக் காட்டக்கூடிய ஒரு மனிதரிடம் பதினெட்டு வயதில் எந்தக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது என்பதையே முதல் தகுதியாகப் பேசுவது சரியான எடைபோடல் ஆகாது.

பேப்பர் உள்ள நாய்க்குட்டி என்றால் நோய் வராதா? விற்பவர் அப்படித்தான் சொல்கிறார்.
– முதல்முறை நாய் வளர்க்கப்போகும் வாசகர்

வரும். பேப்பர் அதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்தத் தாளில் இருப்பது குட்டியின் பதிவுப் பெயர், எண், பிறந்த தேதி, நிறம், வளர்ப்பவர் பெயர், அப்புறம் தாய் தந்தையில் தொடங்கி மூன்று முதல் ஐந்து தலைமுறை வரையிலான பெயர்கள். சில பெயர்களுக்கு முன்னால் சாம்பியன் பட்டம் இருக்கும். அது அந்த நாய் கண்காட்சியில் பரிசு பெற்றது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். இடுப்பு மூட்டு எப்படி, இதயம் எப்படி, கண் எப்படி என்று பெரும்பாலான தாள்களில் ஒரு வரிகூட இருக்காது. அவற்றுக்குத் தனிப் பரிசோதனைச் சான்று வேண்டும். அதுவும் குட்டிக்கு மட்டும் போதாது, தாய் தந்தை இரண்டுக்கும் கேளுங்கள்.

பிறகு ஏன் தாளைப் படிக்கச் சொன்னேன்? அதில் விற்பவர் சொல்லாத ஒரு செய்தி இருக்கிறது. தாய் பக்கத்தில் உள்ள பெயர்களையும் தந்தை பக்கத்தில் உள்ள பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் நெருங்கிய உறவுக்குள் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். இதை அளக்க ஸ்யூவல் ரைட் என்ற மரபியலாளர் 1922-இல் ஒரு கணக்கைக் கொடுத்தார். முன்பின் உறவுச் சேர்க்கை இல்லாத வம்சத்தில், தாயும் தந்தையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றால் குட்டியின் உறவுச் சேர்க்கை அளவு 6.25 சதவீதம். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொது என்ற அரைச் சகோதரர்கள் என்றால் 12.5. உடன்பிறந்தவை என்றால் 25. அந்தச் சதவீதம் ஏற ஏற, ஒளிந்திருக்கும் ஒரு கெட்ட மரபணு தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்து ஒரே குட்டியில் சேர்ந்துவிடும் வாய்ப்பும் ஏறும். பிரீடர்கள் இதை 'லைன் பிரீடிங்' என்று சொல்வார்கள். நல்ல குணத்தை நிலைக்கவைக்கத்தான் செய்கிறோம் என்பார்கள். குணம் நிலைப்பது உண்மைதான், கூடவே கோளாறும் நிலைக்கிறது. 1873-இல் தொடங்கிய, நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப், தாய்-மகன், தந்தை-மகள், உடன்பிறந்தவை சேர்ந்து பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்ய மாட்டோம் என்று முடிவெடுக்க 2009 வரை ஆனது.

டால்மேஷியன் கதையைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. அந்தப் புள்ளி நாயின் தூய இனத்தில் யூரிக் அமிலத்தைச் சரியாகக் கையாள வைக்கும் மரபணு வடிவமே இல்லாமல் போய்விட்டது. சில நாய்களில் குறைவு, சிலவற்றில் சரி என்ற பேச்சுக்கே இடமில்லை. தூய டால்மேஷியன் என்றாலே கோளாறு உண்டு. அதனால் சிறுநீர்க் கல், முக்கியமாக ஆண் நாய்களுக்கு. சிறுநீர் அடைத்துக்கொண்டு வரும் நாயின் வேதனையைப் பார்த்தவர்களுக்கு இது தாளில் எழுதுகிற விஷயமாகத் தோன்றாது. இனத்துக்குள் எத்தனை நல்ல ஜோடியைத் தேடினாலும் பயனில்லை, ஏனென்றால் இல்லாததை எங்கிருந்து எடுப்பது? 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு பாயிண்டர் நாயை டால்மேஷியனோடு சேர்த்தார். பிறந்தவற்றில் நல்ல மரபணு உள்ளதைத் தேர்ந்து மறுபடி டால்மேஷியனோடு, அதன் குட்டியை மறுபடி டால்மேஷியனோடு என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோனார். சில தலைமுறையிலேயே அவை தோற்றத்திலும் குணத்திலும் டால்மேஷியன்தான், சிறுநீர் மட்டும் ஆரோக்கியமான நாயின் சிறுநீர். ஆனாலும் வம்சத்தில் ஒரு பாயிண்டர் இருக்கிறது என்பதற்காகப் பதிவேட்டில் இடம் கொடுக்கப் பெரிய எதிர்ப்பு. பிரிட்டனில் 2010-இலும் அமெரிக்காவில் 2011-இலும்தான் கதவு திறந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல்! அத்தனை காலம் தாளின் தூய்மையைக் காப்பாற்ற நாய்கள் வலியைச் சுமந்தன என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

இன்னொன்று, தாளில் இருக்கிற தந்தைதான் உண்மையான தந்தையா என்பதைத் தாள் நிரூபிக்காது. டிஎன்ஏ பரிசோதனை நிரூபிக்கும். சந்தேகம் இருந்தால் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை நானும் என் தங்கையும் வாங்கினோம். ஒன்று சாது, ஒன்று முரடு. பெடிகிரி ஒன்றுதானே?
– வாசகி

எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இதைவிட நல்ல பாடம் பெடிகிரிக்குக் கிடையாது. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்பது சரி, ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு குட்டிக்கும் புதிதாகக் கலைத்துப் போடப்படுகிறது. அது எப்படி விழுந்தது என்று தாளுக்குத் தெரியாது. வளர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, நான்கு மாதம் வரை குட்டி யாரை, எதைப் பார்த்துப் பழகியது என்பது அதன் குணத்தில் நன்றாகவே தெரியும்.

பந்தயக் குதிரைகள் எல்லாம் மூன்றே மூன்று ஆண் குதிரைகளின் வம்சம் என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவர்

தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தைப் பொறுத்தவரை, தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் உண்மை. இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட பயர்லி டர்க், டார்லி அரேபியன், கடால்ஃபின் அரேபியன் ஆகிய மூன்று பொலிகுதிரைகளில் போய் முடியும். இந்த இனத்தின் வம்சப் பதிவேடான ஜெனரல் ஸ்டட் புக்கின் முதல் வடிவம் 1791-இல் வந்தது. இன்றைய ஆண் குதிரைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் தகப்பன் வழியில் டார்லி அரேபியனைத்தான் சேர்கின்றன.

ஆனால் தகப்பன் வழி என்பது வம்சத்தில் ஒரே ஒரு இழை. முழுப் பதிவேட்டையும் எடுத்து எல்லா இழைகளையும் கூட்டிப் பார்த்த ஆய்வில், இன்றைய குதிரைகளின் மரபில் கடால்ஃபின் அரேபியனின் பங்கு 14 சதவீதத்தை ஒட்டியும், டார்லி அரேபியனின் பங்கு 6.5 சதவீதத்தை ஒட்டியும் வந்தது. பெயர் ஒருவருக்கு, பங்கு இன்னொருவருக்கு! மகள்கள் வழியாகப் போன பங்கை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை என்பதால் வந்த வித்தியாசம் இது. பெடிகிரி படிக்கும்போது மேல் வரியை மட்டும் படித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மரபணு ஆலோசனைக்குப் போனபோது மருத்துவர் எங்கள் குடும்பத்தைச் சதுரமும் வட்டமுமாக வரைந்தார். அதையும் பெடிகிரி என்றார். புரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது.
– கர்ப்பிணியான வாசகி

கூச்சமே வேண்டாம் அம்மா, அது உங்கள் குடும்பத்தின் படம். அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சதுரம் ஆண், வட்டம் பெண். பாலினம் தெரியாவிட்டால் சாய்சதுரம். பக்கவாட்டுக் கோடு கணவன் மனைவியை இணைக்கும், அதிலிருந்து கீழே இறங்கும் கோடு பிள்ளைகளுக்குப் போகும். உள்ளே கருப்பு அடித்திருந்தால் அந்த நபருக்கு நோய் இருக்கிறது. குறுக்கே சாய்வாகக் கோடு இருந்தால் இறந்துவிட்டார். கணவன் மனைவிக்கு நடுவே இரட்டைக் கோடு இருந்தால் அவர்கள் இரத்த உறவினர். ஒரு வடிவத்தை நோக்கி அம்பு இருக்கும், அவரால்தான் இந்தக் குடும்பம் மருத்துவரின் கவனத்துக்கு வந்தது என்று அர்த்தம். தலைமுறைகளுக்கு ரோமன் எண், ஆட்களுக்குச் சாதாரண எண்.

இந்தப் படத்தின் அருமை என்னவென்றால், வரைந்து முடித்ததும் நோய் எந்த வழியில் வருகிறது என்பது பல நேரம் கண்ணுக்கே தெரிந்துவிடும். இரத்தம் உறையாத நோயான ஹீமோஃபீலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா மகாராணியின் குடும்பப் படத்தை வரைந்தால், கருப்பு அடித்தவை எல்லாம் சதுரங்கள். மகன் லியோபோல்டுக்கு நோய், அவர் 1884-இல் கீழே விழுந்ததைத் தொடர்ந்து இறந்தார். மகள்கள் ஆலிஸுக்கும் பியாட்ரிஸுக்கும் நோய் இல்லை, ஆனால் அவர்கள் வழியாக அது அடுத்த தலைமுறைகளுக்குப் போனது. ஆலிஸின் மகள் ரஷ்யப் பேரரசி ஆனார், அவருடைய மகன் அலெக்ஸிக்கு நோய். ஆண்களில் தெரிந்து, பெண்கள் வழியாகத் தெரியாமல் கடந்து போகும் இந்த வடிவம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள குறைபாட்டின் முத்திரை. அது ஹீமோஃபீலியாவின் 'பி' வகை என்பதை 2009-இல் அந்தக் குடும்பத்தின் எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏ உறுதி செய்தது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நோய் கடத்துகிறவர் என்று ஒரு பெண்ணின் வட்டத்தில் குறி வைப்பது அவர்மேல் பழி போடுவது இல்லை. யாரும் தன் மரபணுவைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் அந்தப் படத்தையே எடுத்துக் காட்டிப் பேசுங்கள்.

இரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தங்களுக்குள்ளேயே மணந்துகொண்ட அரச குடும்பங்கள் என்ன ஆயின?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கடைசி அரசர் இரண்டாம் சார்லஸ் இதற்கு எழுத்து மூலமான சாட்சி. அவருடைய தந்தை நான்காம் பிலிப் தன் சகோதரியின் மகளை மணந்தவர். நாய்க்குட்டிக்குச் சொன்ன அதே உறவுச் சேர்க்கைக் கணக்கில், தாய்மாமன்-மருமகள் உறவு மட்டும் என்றால் 12.5 சதவீதம்தான் வரவேண்டும். அதற்கு முந்தைய தலைமுறைகளிலும் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்ததால், 2009-இல் வெளியான ஒரு ஆய்வு சார்லஸின் கணக்கை 25.4 சதவீதம் என்று காட்டியது. உடன்பிறந்தவர்களுக்குப் பிறந்த குழந்தைக்குச் சமம். வாழ்நாளெல்லாம் நோயாளி. 1700-இல் வாரிசு இல்லாமல் இறந்தார், அரியணைக்காகப் பெரும் போர் மூண்டது. ஐரோப்பாவிலேயே மிகக் கவனமாக எழுதிவைக்கப்பட்ட பெடிகிரிகளில் ஒன்று அது. அதிலிருந்த எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தின் முப்பது தலைமுறையை எழுதிவிட்டேன். ஒரு அரசரின் பெயரும் வருகிறது. பெருமைப்படலாம் அல்லவா?
– வாசகர்

எழுதியதற்காக மனதாரப் பாராட்டுகிறேன், அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது. பெருமையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அடுத்து 8. பத்தாவது தலைமுறையில் 1024. இருபதாவதில் 10,48,576. முப்பதாவதில் 107 கோடியைத் தாண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் அது 750 ஆண்டுகளுக்கு முன். அன்று உலகம் முழுக்க இருந்த மக்கள் தொகையே 50 கோடி இல்லை. அப்படியானால் அதே மனிதர்கள் உங்கள் வம்சத்தில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். எல்லோருக்கும் இதே கதைதான். நீங்கள் எழுதிய முப்பது பெயர், அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரே வரிசை.

இன்னும் வியப்பான செய்தி, பத்தாவது தலைமுறையின் 1024 இடங்களில் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் டிஎன்ஏ துண்டு ஒன்றுகூட உங்கள் உடலில் இருக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி விட்டுப்போவதால் இப்படி. அரசரின் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதே தலைமுறையில் எழுதப்படாமல் போன உழவர்களுக்கும் கூலியாட்களுக்கும் பெண்களுக்கும் உங்கள்மேல் அவருக்குள்ள உரிமை அப்படியே உண்டு.

நெல்லுக்கும் பெடிகிரி உண்டு என்று படித்தேன்.
– வேளாண்மை படிக்கும் மாணவி

உண்டு, அந்த முறைக்கே 'பெடிகிரி முறைத் தேர்வு' என்று பெயர். ஐஆர் 8 ரகத்தின் முழு அடையாளம் ஐஆர் 8-288-3. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1962-இல் செய்த கலப்புகளில் எட்டாவது, அதில் 288ஆம் வரிசை, அந்த வரிசையில் மூன்றாவது செடி. தாய் பீட்டா என்ற உயரமான இந்தோனேசிய ரகம், தந்தை டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டையான தைவான் ரகம். 1966-இல் வெளியானது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குறிப்பேட்டில் பின்னோக்கி நடந்து எந்தச் செடி என்று சுட்டிவிடலாம். பெடிகிரி என்ற சொல்லுக்கு இவ்வளவு நேர்மையான பயன் வேறு துறையில் நான் பார்த்ததில்லை.

மருந்துக்கும் பெடிகிரியா?
– மருந்தாளுநர்

அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஒரு ஆவணத்தைக் கேட்டது. மருந்து யாரிடமிருந்து யாருக்கு விற்கப்பட்டு வந்தது என்ற சங்கிலி. போலி மருந்து நடுவில் நுழைவதைத் தடுக்க. 2013-இல் வந்த சட்டம் அதை மின்னணுத் தடங்காணலை நோக்கி நகர்த்தியது.

விலங்குக் காட்சிசாலைகளில் எதற்கு வம்சப் பதிவு? அங்கே அழகுப் போட்டி இல்லையே.
– வாசகர்

அங்கேதான் பெடிகிரி உயிரைக் காப்பாற்றுகிறது. ஐரோப்பியக் காட்டெருமை 1920-களின் இறுதிக்குள் காடுகளில் ஒன்றுகூட இல்லாமல் அழிந்தது. காட்சிசாலைகளிலும் தனியாரிடமும் சில டஜன் மிச்சம். 1932-இல் அவற்றுக்கென்று ஒரு வம்சப் புத்தகம் வெளியானது. எது எதன் கன்று என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். இன்று திரும்பவும் காடுகளில் ஆயிரக்கணக்கில் மேய்கிற அத்தனை காட்டெருமைகளும் 12 விலங்குகளின் வம்சம். எவ்வளவு குறுகலான வாசல் வழியாக அந்த இனம் வெளியே வந்தது பாருங்கள்.

இப்போது காட்சிசாலைகள் பதிவேட்டைப் படிக்கும் விதம் நாய்க் கண்காட்சிக்காரர்கள் படிக்கும் விதத்துக்கு நேர் எதிர். உறவினர் மிகக் குறைவாக உள்ள விலங்குக்குத்தான் முதலில் ஜோடி தேடுவார்கள், ஏனென்றால் வேறு எதிலும் இல்லாத மரபணு அதனிடம் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசு வாங்கிய ஒரே ஆணிடம் எல்லாப் பெண்களையும் கொண்டுபோகிற வழக்கம் அங்கே கிடையாது. என் மாணவர்களிடம் இந்தப் பகுதியை நடத்தும்போது எனக்குக் குரலே மாறிவிடும்.

எங்கள் குடும்ப நோய் வரலாற்றை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி

வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே தொடங்குங்கள். உங்களிலிருந்து மேலே மூன்று தலைமுறை போதும். ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த ஆண்டு, வந்த பெரிய நோய், அது எந்த வயதில் வந்தது, இறந்திருந்தால் எந்த வயதில், எதனால் என்று எழுதுங்கள். நோய் வந்த வயதை விட்டுவிடாதீர்கள். எண்பதில் வந்த மார்பகப் புற்றுநோயும் முப்பத்தெட்டில் வந்ததும் மருத்துவருக்கு ஒன்றல்ல. குறைப்பிரசவம், சிசுவிலேயே இறந்த பிள்ளைகள் பற்றியும் மெதுவாகக் கேளுங்கள். பல வீடுகளில் அது பேசப்படாமலே இருக்கும், அழுகை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கணவன் மனைவி உறவுக்காரர் என்றால் இரட்டைக் கோடு போடுங்கள், மறைக்க வேண்டாம். அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டையும் எழுதுங்கள். தத்தெடுத்த பிள்ளைகளைப் படத்தில் சேர்த்து, சதுர அடைப்புக்குள் குறியுங்கள். உங்கள் மருத்துவரிடம் ஒரு பிரதி, பிள்ளைகளிடம் ஒரு பிரதி.